வழியில் டயர் போனால்: லாரியும் காரும் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டயர் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஜாக்கியும் ஸ்பேனரும் இருந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம். சாலை ஓரத்தில் அதைச் செய்யும்போதுதான் ஆபத்து மூன்று பக்கத்திலிருந்து வருகிறது: பின்னால் வேகமாக வரும் வண்டி, ஜாக்கியில் நிற்கும் நம் வண்டி, டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி இந்த மூன்றைப் பற்றித்தான். கனரக வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். காருக்கு வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது டயர் வெடித்தால் முதலில் என்ன செய்வது?

பிரேக்கைத் தொடாதீர்கள். கை அனிச்சையாகச் செய்வதை நிறுத்துவதைவிடக் கால் அனிச்சையாகச் செய்வதை நிறுத்துவது கடினம், அதனால் இதை முன்கூட்டியே மனத்தில் ஏற்றி வைத்திருக்க வேண்டும்.

பிரேக் மிதித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் டயர் போயிருந்தால், ஏற்கெனவே தரையோடு உரசி இழுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சக்கரத்தின் மேல் இன்னும் பாரம் ஏறும். வண்டி அந்தப் பக்கமாகவே திரும்பிவிடும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராக வைத்திருங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வேகம் தானாகக் குறைந்து, வண்டி உங்கள் கைக்குள் வந்த பிறகு மெதுவாக பிரேக்கைப் பயன்படுத்தலாம்.

பின் டயர் போனால் ஸ்டியரிங்கில் பெரிதாகத் தெரியாது. வண்டியின் வால் பக்கம் ஆடும், அல்லது சத்தம் மட்டும் கேட்கும். பாரம் ஏற்றிய லாரியில், ஆக்சிலின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து ஓடும் ஜோடி டயரில் ஒன்று வெடித்தால் அதுகூடச் சரியாகத் தெரியாமல் போகலாம். பெரிய சத்தம் கேட்டால், வேறு வண்டியின் டயராக இருக்கும் என்று நினைக்காமல், உங்கள் டயர்தான் என்று எடுத்துக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள்.

உடனே நிறுத்த வேண்டுமா, கொஞ்சம் ஓட்டிப் போகலாமா?

நல்ல இடம் கிடைக்கும்வரை மிக மெதுவாக ஓட்டுங்கள். டயர் ஏற்கெனவே போய்விட்டது, டிஸ்க்கும் (டயர் மாட்டியிருக்கும் இரும்புச் சக்கரம்) வளைந்தால் வளையட்டும். டிஸ்க்கைக் காப்பாற்ற நினைத்து வளைவிலோ பாலத்தின் மேலோ மேட்டின் மறுபக்கத்திலோ நிறுத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பின்னால் வருபவருக்கு உங்கள் வண்டி தூரத்திலேயே தெரிய வேண்டும், எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இடம் தேடும்போது நான்கு விளக்கும் மின்னட்டும். நேரான சாலை, சமமான கெட்டித் தரை, வெள்ளைக் கோட்டைத் தாண்டி நல்ல அகலம் வேண்டும். லாரியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஓரத்து மண் பாரத்தைத் தாங்குமா? மழையில் ஊறிய மண்ணில் ஒரு பக்கம் இறங்கினால் ஜாக்கி போடவும் முடியாது, சில நேரம் வண்டியே சாய்ந்துவிடும்.

முன் டயர் போன லாரியை இப்படிக்கூட அதிகம் நகர்த்தக் கூடாது. திசை திருப்பும் சக்கரம் அது.

எப்போது நானே மாற்றாமல் உதவியைக் கூப்பிட வேண்டும்?

போன டயர் போக்குவரத்து ஓடும் பக்கம் இருந்து, உங்கள் முதுகுக்கும் ஓடும் வண்டிகளுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அகலம்கூட இல்லை என்றால் மாற்ற வேண்டாம். சரிவான அல்லது குழைந்த தரை, இருட்டு, அடர் பனிமூட்டம், எரிபொருள் கசிவு, உடைந்த ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் மறைத் தண்டு), விரிசல் விட்ட டிஸ்க் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். பாரத்துக்குத் தகுந்த ஜாக்கி இல்லாமல் ஏற்றிய லாரியைத் தூக்கவே கூடாது.

பிரிட்டனின் சாலை விதி நூல் அதிவேகச் சாலைகளில் சின்னப் பழுதைக்கூட நாமே சரிசெய்ய முயல வேண்டாம் என்கிறது. அந்த வேகத்தில் ஓரமாக நிற்பதே ஆபத்து என்பதால்தான் அப்படி. மற்ற இடங்களில் சட்டம் அப்படிச் சொல்லாவிட்டாலும் காரணம் மாறுவதில்லை.

சரக்கு தாமதமாகும், முதலாளி திட்டுவார் என்பதற்காக இதை மீறுபவர்கள் பலர். தாமதத்துக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

உதவி வரும்வரை வண்டிக்குள் உட்கார்ந்திருக்கலாமா?

வெளியே பத்திரமான இடம் இருந்தால் உட்காராதீர்கள். போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். நிற்கும் இடமும் முக்கியம். நிற்கும் வண்டியைப் பின்னாலிருந்து ஒன்று மோதினால் அது முன்னோக்கித்தான் பாயும். அதனால் வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. வண்டிகள் வரும் திசையில், பின்னால் கொஞ்சம் தள்ளி, சாலையை விட்டு விலகி நில்லுங்கள்.

நடுத் தடத்தில் வண்டி நின்றுபோய், இறங்கினாலே ஆபத்து என்றால் மட்டும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்து, நான்கு விளக்கையும் மின்னவிட்டு, அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

எச்சரிக்கை முக்கோணத்தை எவ்வளவு தூரத்தில் வைப்பது?

நாட்டுக்கு நாடு விதி மாறும். ஒரு கணக்குக்கு அமெரிக்காவின் லாரி விதியை எடுத்துக்கொள்ளலாம். வண்டி நின்ற 10 நிமிடத்துக்குள் மூன்று முக்கோணங்களை வைத்தாக வேண்டும். இருபுறமும் வண்டி வரும் சாலையில், போக்குவரத்துப் பக்கமாக வண்டியிலிருந்து சுமார் 3 மீட்டரில் ஒன்று, முன்னால் 30 மீட்டரில் ஒன்று, பின்னால் 30 மீட்டரில் ஒன்று. நடுவில் பிரிப்பு உள்ள சாலையில் மூன்றுமே பின்னால்: 3, 30, 60 மீட்டர். வளைவோ மேடோ மறைத்தால் மறைப்புக்கு முன்பே தெரியும்படி 150 மீட்டர்வரை தள்ளி வைக்க வேண்டும்.

100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கிறது. அதாவது 30 மீட்டரில் வைத்த முக்கோணம் அந்த ஓட்டுநருக்குக் கூடுதலாகத் தருவது ஒரே ஒரு நொடி. வேகமான சாலையில் விதி சொல்வதைவிடத் தள்ளி வைப்பதுதான் சரி என்பேன். அதற்காக எங்கும் நடந்து போகலாம் என்றும் இல்லை. மேலே சொன்ன பிரிட்டன் விதி நூலே, அதிவேகச் சாலையில் முக்கோணம் வைக்கவே கூடாது என்கிறது. அதை வைக்கப் போகிறவர் அடிபடுவார் என்ற கவலை அதில் இருக்கிறது.

வைக்கப் போகும்போது முக்கோணத்தை விரித்து, வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி முன்னால் பிடித்துக்கொண்டு சாலை ஓரமாக நடங்கள். ஒளிரும் மேற்சட்டை போட்டிருந்தால் நல்லது. நின்று பேசும்போது பின் விளக்கை உடம்பால் மறைக்கவும் கூடாது.

முக்கோணம் இல்லை. கல்லும் மரக்கிளையும் வைக்கலாமா?

கிளை பரவாயில்லை, தூரத்திலிருந்து தெரியும். கல் வேண்டாம். இரவில் கல் தெரியாது, அதன் மேல் ஏறும் இருசக்கர வண்டிக்காரர் விழுவார். கல்லை வைத்துவிட்டு டயர் மாற்றியதும் அப்படியே விட்டுப் போவது இன்னும் மோசம். நாம் போன பிறகும் மணிக்கணக்கில் அது சாலையில் கிடக்கும்.

கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்கிறேன். சக்கரத்துக்குக் கட்டை எதற்கு?

கியர் பிடித்து வைப்பது இஞ்சினிலிருந்து ஷாஃப்ட் வழியாக டிஃபரென்ஷியல்வரைதான். டிஃபரென்ஷியலின் வேலையே இரண்டு பக்கச் சக்கரமும் தனித்தனி வேகத்தில் சுற்ற இடம் கொடுப்பது. ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், அது காற்றில் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் உருள முடியும். கியர் அப்படியே இருக்கும், வண்டியும் நகரும்.

ஹேண்ட் பிரேக்கும் இப்படித்தான். பல வண்டிகளில் அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கினால் பிடிப்பில் பாதி அங்கேயே போய்விடுகிறது. சில லாரிகளில் ஹேண்ட் பிரேக் ஷாஃப்ட்டையே பிடிக்கும் வகை. அதற்கும் கியருக்குச் சொன்ன கதைதான்.

அதனால் தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சரிவு கொஞ்சம் இருந்தாலும் இறக்கப் பக்கம் கூடுதலாக ஒன்று. உருண்டைக் கல் கட்டை ஆகாது, சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். ஆப்பு வடிவத்தில் வெட்டிய மரமோ ரப்பரோ வேண்டும்.

ஜாக்கியை எங்கே போடுவது?

காரில், தயாரிப்பாளர் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும். கதவுக்குக் கீழே விளிம்பில் வெட்டு அடையாளம் இருக்கும்.

லாரியில் ஆக்சிலுக்குக் கீழே, ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில். முன்பக்கம் ஆக்சில் பீம், பின்பக்கம் ஹவுசிங்கின், அதாவது ஆக்சிலை மூடியிருக்கும் கூட்டின், குழாய்ப் பகுதி. நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரென்ஷியல் மூடியில் போடாதீர்கள். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் போட்டால், ஸ்பிரிங் விரிய விரிய ஜாக்கி உயர்ந்துகொண்டே போகும், சக்கரம் தரையிலேயே இருக்கும். ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் சேஸிஸைத் தாங்கினால் இன்னும் சிக்கல், காற்று இறங்கும்போது உயரமே மாறிவிடும்.

ஜோடி டயர் உள்ள ஓர் ஆக்சில் 10 டன்னுக்கு மேல் சுமக்கக்கூடும். ஒரு பக்கத்தைத் தூக்கும்போது அதில் பாதிதான் என்று கணக்குப் போட்டு, அதற்குச் சரியாகப் பொருந்தும் ஜாக்கியைக் கொண்டு போகாதீர்கள். பாரம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கலாம். 20 டன் ஜாக்கி இருந்தால் நிம்மதி. அதன் அடியில் அகலமான கெட்டி மரப்பலகை வையுங்கள். வெயிலில் இளகிய தாரில் ஜாக்கியின் சிறிய அடிப்பாகம் மெதுவாக அமிழும். ஒரு பக்கம் அமிழ்ந்தால் சாயும், சாய்ந்தால் வழுக்கிவிடும். ஜாக்கியின் தலையிலும் அது தொடும் இடத்திலும் கிரீஸ் இருந்தால் துடைத்துவிடுங்கள்.

தேவைக்கு மேல் உயர்த்த வேண்டாம். ஆனால் காற்று நிறைந்த ஸ்டெப்னி போன டயரைவிடத் தரையில் அதிக இடம் கேட்கும், அதற்கும் சேர்த்து உயர்த்துங்கள். உயர்த்தியதும் ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்டோ கனமான மரக்கட்டைகளோ கொடுத்து, பாரத்தை அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்கி நிற்பதற்கு அல்ல. காரில் ஸ்டாண்ட் இல்லையென்றால் ஸ்டெப்னியைப் படுக்கவைத்து வண்டியின் விளிம்புக்குக் கீழே தள்ளி வையுங்கள். வண்டி இறங்கினாலும் அதன் மேல்தான் உட்காரும். எதுவானாலும் தலையையோ காலையோ வண்டிக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள்.

நட்டைத் தூக்கும் முன்பு தளர்த்துவதா, பின்பா?

முன்பு. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு பலம் கொடுத்தால் ஜாக்கியோடு வண்டி ஆடும்.

சில பழைய வகை லாரிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மறை எதிர்த்திசையில் இருக்கும். ஸ்டட்டின் நுனியிலோ நட்டிலோ அடையாளம் பொறித்திருப்பார்கள். எவ்வளவு பலம் போட்டும் நட்டு அசையவில்லை என்றால் நீளமான குழாயைத் தேடும் முன்பு அந்த அடையாளத்தைத் தேடுங்கள்.

நட்டைக் கழற்றிய பிறகும் சக்கரம், அது உட்காரும் மையப் பகுதியான ஹப்பில் ஒட்டிக்கொண்டு வராமல் இருக்கலாம். அப்போது இரண்டு நட்டை மூன்று சுற்று மட்டும் மாட்டிவிட்டு டயரின் பக்கவாட்டில் தட்டுங்கள். விடுபட்டாலும் நட்டு பிடித்துக்கொள்ளும். டிஸ்க்கோடு சேர்ந்த லாரி டயர் 100 கிலோ அளவுக்கு வரும். அதைக் கையால் தூக்க வேண்டாம், கடப்பாரையை நெம்புகோலாக வைத்து ஸ்டட் உயரத்துக்கு ஏற்றுங்கள். உருளத் தொடங்கிய டயரைக் குறுக்கே நின்று மறிக்கவும் கூடாது.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். கார்களில் பொதுவாக 80 முதல் 140 நியூட்டன் மீட்டர். ஹப்பின் மேல் உட்காரும் 10 ஸ்டட் லாரி டிஸ்க்குக்குப் பொதுவாக 610 முதல் 680 வரை. 650 என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 66 கிலோ பாரம் கொடுப்பதற்குச் சமம். அரை மீட்டர் ஸ்பேனரில் அதற்கு 130 கிலோவுக்கு மேல் வேண்டும், ஓர் ஆளால் ஆகாது. வழியில் கையால் இறுக்கியது தற்காலிகம்தான். அடுத்து வரும் பட்டறையில், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்துச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

வரிசையும் முக்கியம். பக்கத்துப் பக்கத்து நட்டாகப் போகாமல் எதிரெதிராக இறுக்குங்கள். முதல் சுற்றில் டிஸ்க் ஹப்போடு சமமாக உட்காரும் அளவுக்கு, அடுத்ததில் பாதி, வண்டியை இறக்கிய பிறகு முழுதாக. மாட்டும் முன்பு ஹப்பிலும் டிஸ்க்கிலும் ஒன்றையொன்று தொடும் முகங்களைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். துருவும் தடித்த பெயின்ட்டும் நடுவில் மாட்டிக்கொண்டால், ஓட ஓட அது நசுங்கிப் பொடியாகும், அந்த அளவுக்கு நட்டு தளரும். இறுக்கியது சரியாக இருந்தும் சக்கரம் கழன்று ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், நான் மிகவும் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். கழன்றுபோன லாரிச் சக்கரம் எதிர்த் தடத்தில் யார் மேல் போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நட்டின் ஓரத்திலிருந்து டிஸ்க்கின் மேல் செம்பழுப்பு நிறத்தில் கோடு வழிந்திருந்தால் நட்டு ஆடியிருக்கிறது என்று அர்த்தம்.

ஜோடி டயரில் ஒன்று போனால் மற்றதை நம்பி ஓட்டலாமா?

கணக்கைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் 152/148 என்று இருந்தால், தனியாக ஓடும்போது ஒரு டயர் 3,550 கிலோ தாங்கும், ஜோடியாக ஓடும்போது ஒவ்வொன்றும் 3,150 கிலோ. முழுப் பாரத்தில் அந்த ஜோடி 6,300 கிலோ சுமக்கிறது. ஒன்று போனால் அத்தனையும் 3,550 கிலோ தாங்கும் டயரின் மேல் ஏறும். அது சூடாகி வெடிக்கும். அதற்குள், காற்றில்லாத டயர் ஓடுகிற டயரோடு உரசி, நசுங்கி, தீப்பிடிக்கவும் கூடும். பாரத்தோடு ஓட்டக் கூடாது.

உள் டயர் போனது வெளியிலிருந்து தெரியாது, வெளி டயர் வண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கும். நிற்கும் இடத்திலெல்லாம் இரும்புக் கம்பியால் இரண்டையும் தட்டும் பழக்கம் நல்லது. காற்றுள்ள டயரில் கம்பி துள்ளும், இல்லாததில் மந்தமாகப் பதியும். ஆனால் தட்டிப் பார்ப்பது காற்று இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். அழுத்தம் 20 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறைந்திருப்பதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு கேஜ் வேண்டும்.

இரண்டு டயருக்கும் நடுவில் கல் மாட்டியிருந்தால் கிளம்பும் முன்பே கடப்பாரையால் எடுத்துவிடுங்கள். வேகத்தில் அது தெறித்தால் பின்னால் வருபவரின் கண்ணாடிக்குத்தான் போகும்.

காற்று இறங்கிய லாரி டயருக்கு அங்கேயே காற்று அடித்துக்கொண்டு போகலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

காற்று குறைந்து ஓடிய ரேடியல் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. உள்ளே இருக்கும் எஃகு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. திரும்பக் காற்று அடிக்கும்போது, மிச்சமிருக்கும் இழைகள் தாங்காமல், பக்கச் சுவர் ஜிப் திறப்பதுபோல் ஒரே நொடியில் கிழிந்துபோகும். 110 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்றால் உள்ளங்கை அகலத்துக்கு, அதாவது 100 சதுர சென்டிமீட்டருக்கு, 750 கிலோவுக்கு மேல். டயரின் முழுப் பக்கச் சுவருக்கும் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் குனிந்து வால்வைப் பிடித்திருப்பவர் அதன் நேர் எதிரில் இருக்கிறார்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியில் ஓர் அளவு இருக்கிறது: இருக்க வேண்டிய அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ ஓடிய டயரின் காற்றை முழுதும் இறக்கிய பிறகுதான் சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். அப்புறம் டயரை டிஸ்க்கிலிருந்து எடுத்து, உள்ளும் புறமும் பார்த்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும். காற்று அடிப்பது இரும்புக் கூண்டுக்குள். வால்வில் தானாகப் பிடித்துக்கொள்ளும் முனையும், தள்ளி நின்று பார்க்கும் கேஜும், நீளமான குழாயும் வேண்டும். அடிக்கும்போது பொரிவதுபோல் சத்தம் கேட்டாலோ பக்கச் சுவரில் புடைப்பு தெரிந்தாலோ கிட்டே போகாமல் காற்றை நிறுத்தி, தூரத்திலிருந்தே இறக்க வேண்டும்.

டயரைப் பிடித்து வைக்கும் தனி வளையம் (லாக் ரிங்) வைத்த பழைய பல துண்டு டிஸ்க்கில் ஆபத்து இரட்டிப்பு. ரிங் சரியாக உட்காராமல் காற்று ஏறினால் அது பிய்த்துக்கொண்டு பறக்கும். அதைச் சுத்தியலால் தட்டி உட்காரவைக்க, காற்று இருக்கும்போது முயலவே கூடாது. இந்த வகைச் சக்கரத்தைக் கழற்றும் முன்பே வால்வு ஊசியை எடுத்து, ஜோடியில் இரண்டு டயரின் காற்றையும் முழுதாக இறக்கிவிடுங்கள். எந்த டயரானாலும் காற்று ஏறும்போது பக்கச் சுவருக்கு நேரே நிற்காதீர்கள்.

டயரிலிருந்து புகை வருகிறது. என்ன செய்வது?

பிரேக் பிடித்துக்கொண்டு டிரம் சூடாகியிருக்கலாம், அல்லது ஜோடியில் ஒன்று உரசியிருக்கலாம். எரிபொருள் நிலையம், கூட்டம், மற்ற வண்டிகள் பக்கம் போகாமல் ஒதுங்கி நிறுத்துங்கள். புகை மட்டும் என்றால், பிரேக் ஒட்டிக்கொள்ளாதபடி ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் கட்டை போட்டு, தள்ளி நின்று ஆறவிடுங்கள்.

தீயே பிடித்துவிட்டால், வண்டியில் இருக்கும் பவுடர் அணைப்பான் சுவாலையை அடக்கும், ரப்பருக்குள் இருக்கும் சூட்டை எடுக்காது. கொஞ்ச நேரத்தில் மறுபடி எரியும். டயர் தீக்கு ஏராளமான தண்ணீர் வேண்டும், அது தீயணைப்பு வண்டியின் வேலை. சூடான டயருக்குள் ரப்பரே வேதிமாற்றம் அடைந்து எரியும் வாயுக்களை வெளிவிடும். உள்ளே அழுத்தம் எகிறி, தீ அணைந்த பிறகும் டயர் வெடிக்கலாம். டிஸ்க்கில் டயர் மாட்டியிருக்கும்போது வெல்டிங் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான், காற்று இறக்கியிருந்தாலும் கூடாது.

மூடிய பெட்டிக்குள் சரக்கு எரிந்தால் கதவைத் திறக்காதீர்கள், காற்று உள்ளே போய் தீ பெரிதாகும். இஞ்சினில் தீ என்றால் பானட்டை முழுதாகத் திறக்காமல், கிடைக்கும் இடுக்கு வழியாக அடியுங்கள்.

ஏர் பிரேக் எச்சரிக்கை ஒலிக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போகலாமா?

போகாதீர்கள். பொதுவாக 60 பி.எஸ்.ஐ. அருகில் அந்த ஒலி வரும். இன்னும் இறங்கி 20 முதல் 45க்குள் வரும்போது, காற்று அழுத்தம் போனால் ஸ்பிரிங் பலத்தில் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், எந்தத் தடத்தில் இருக்கிறீர்கள் என்று அது பார்க்காது. காற்று மிச்சமிருக்கும்போதே ஓரம்கட்டுங்கள்.

அப்படிப் பிடித்த பிரேக்கை போல்ட் போட்டு இழுத்து விடுவிக்க முடியும். அப்போது வண்டிக்கு பார்க்கிங் பிரேக் இல்லாமல் போகிறது, முதலில் கட்டை போட்டாக வேண்டும். பிரேக் சேம்பரின் கிளாம்ப்பை மட்டும் யாரும் வழியில் கழற்றக் கூடாது. உள்ளே இறுக்கி வைத்த ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் பலம் உடையது.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால்?

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுபோகாதீர்கள். வேகம் ஏறிவிட்டால் திரும்பக் கியர் விழாது, இருக்கும் இஞ்சின் பிடிப்பும் போய்விடும். ஆயில் பிரேக் என்றால் பெடலை அடித்து அடித்துப் பாருங்கள், சில நேரம் அழுத்தம் ஏறும். ஏர் பிரேக்கில் அப்படி அடித்தால் இருக்கும் காற்றும் தீரும். ஹாரனையும் விளக்கையும் விடாதீர்கள். சரளை கொட்டிய தப்பிக்கும் பாதை வந்தால் தயங்காமல் ஏறுங்கள், இல்லையென்றால் மேட்டுப்பக்கம் போகும் கிளைச்சாலையோ திறந்த வெளியோ பாருங்கள். எவ்வளவு சீக்கிரம் விலகுகிறீர்களோ அவ்வளவு குறைந்த வேகத்தில் விலகுவீர்கள்.

இந்த நிலை வராமல் இருக்க, இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு வாருங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடியே போகாமல், நீங்கள் வைத்துக்கொண்ட வேகத்தைத் தொட்டதும் அழுத்திப் பிடித்து 8 கிலோமீட்டர் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். வேகம் ஏறியதும் மறுபடி அதேபோல். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

தீப்பற்றும் சரக்கோ ரசாயனமோ ஏற்றியிருந்தால்?

டயரைத் தொடும் முன்பு கசிவு இருக்கிறதா என்று, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகத் தள்ளி நின்று பாருங்கள். இருந்தால் விலகி, அவசர உதவிக்கு வண்டியில் ஒட்டியிருக்கும், சரக்கு எது என்று காட்டும் நான்கு இலக்க ஐ.நா. எண்ணைச் சொல்லுங்கள். சுற்றி யாரும் புகைபிடிக்கவோ தீச்சுடர் விளக்கு கொளுத்தவோ விடாதீர்கள்.

காரில் கொடுத்த ஸ்டெப்னி ஒல்லியாக இருக்கிறதே?

அது பட்டறைவரை போய்ச் சேரத்தான். பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குக் காற்றும் அதிகம், பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. மற்ற டயருக்கு அடிக்கும் அளவை அதற்கு அடித்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

ஸ்டெப்னியில் எதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்?

காற்று, வயது இரண்டையும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் கெட்டிப்படும், ஓரங்களில் மெல்லிய வெடிப்பு தெரியும். லாரியில் ஸ்டெப்னியைத் தொங்கவிடும் சங்கிலியும் கொக்கியும் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்றும் அவ்வப்போது இறக்கிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தது. கிளம்பலாமா?

ஜாக்கி, பலகை, ஸ்பேனர், போன டயர் எல்லாம் முதலில் வண்டிக்குள் போகட்டும். வெடித்த டயரின் ரப்பர்த் துண்டுகள் ஓரத்தில் கிடந்தால் தள்ளிப்போடுங்கள், ஓடும் தடத்துக்குள் எடுக்கப் போக வேண்டாம். தொங்கும் ரப்பர் பிரேக் குழாயையோ மின்கம்பியையோ அறுத்திருக்கிறதா என்று சக்கரத்துக்கு உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், லாரி டயர் வெடித்தால் இது அடிக்கடி நடக்கும். அப்புறம் முக்கோணங்கள், வண்டிகள் வரும் திசையைப் பார்த்தபடி. கட்டைகளைக் கடைசியாக எடுங்கள்.

ஓரத்திலேயே கொஞ்சம் வேகம் எடுத்துவிட்டு, நல்ல இடைவெளி பார்த்துத் தடத்துக்குள் நுழையுங்கள். முதல் சில கிலோமீட்டருக்குப் பிறகு ஒதுங்கி, புறங்கையை ஹப்பின் அருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். மறுபக்க ஹப்பைவிட அதிகம் சுடுகிறது என்றால் பிரேக்கோ பேரிங்கோ பிடிக்கிறது, மேலே ஓட்ட வேண்டாம். சரியாக இருந்தால் மாற்றிய இடத்தின் கிலோமீட்டரைக் குறித்து வைத்துக்கொண்டு, 80 ஓடியதும் நட்டுகளுக்கு ஸ்பேனர் போடுங்கள்.